சாட்சியாக நிற்கும் கல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் சபையின் சண்டே ஸ்கூலில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் வேதாகமத்தில் யோசுவா புத்தகத்தின் கடைசி அதிகாரம் வந்தது. சீகேமில் யோசுவா ஒரு பெரிய கல்லை எடுத்துக் கர்வாலி மரத்தின் கீழே நாட்டுகிறார். கர்த்தர் நம்மோடு சொன்ன எல்லா வார்த்தைகளையும் இந்தக் கல் கேட்டது, இது உங்களுக்குச் சாட்சி என்கிறார். வாசித்து முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "கல்லுக்குக் காது இருக்கா டீச்சர்?" என்று கேட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு தேடிப் பார்த்தேன். யாக்கோபு பெத்தேலில் கல் நாட்டி எண்ணெய் ஊற்றுகிறார். மோசே மலையடியில் பன்னிரண்டு தூண்களை நிறுத்துகிறார். கில்காலில் யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்கள். ஆனால் உபாகமம் 16:22 அப்படி எதையும் நிறுத்தாதே, கர்த்தர் அதை வெறுக்கிறார் என்கிறது. அங்கே சொல்லப்படுவதும் இதே மாதிரி நாட்டிவைக்கிற கல்தான் என்று எங்கள் குருவானவர் சொன்னார். பிதாக்கள் செய்ததையே வெறுப்பதாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

இன்னொன்றும் உறுத்துகிறது. நம் ஊரில் கல் நாட்டி எண்ணெய் ஊற்றிக் கும்பிடுகிறவர்களைப் பிரசங்கங்களில் சுலபமாகக் குறை சொல்கிறோம். யாக்கோபு செய்தது வேறா? கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. எங்கள் வீட்டு நிலைக்கு மேல் தாத்தா 'எபெனேசர்' என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். அதுவும் இந்த வரிசையில் சேருமா?

அன்புடன்,
எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

அந்தப் பையனை அடுத்த வாரம் எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள். பெரியவர்கள் பலர் அந்த வரியை வெறும் அலங்காரம் என்று எடுத்துக்கொண்டு தாண்டிவிடுவார்கள். அவன் நின்று கேட்டிருக்கிறான். யோசுவா அங்கே பேசுவது வழக்கு மொழி. 'சாட்சி' என்று அவர் சொல்வதை அதன் முழு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால்தான் அந்தக் கல் நமக்குப் புரியும்.

அந்தக் காட்சியை மறுபடி மெதுவாகப் படித்துப் பாருங்கள். யோசுவா கிழவர். எல்லாக் கோத்திரத்தாரையும் சீகேமில் கூட்டி, ஆபிரகாமிலிருந்து அன்றுவரை நடந்ததையெல்லாம் சொல்கிறார். யாரைச் சேவிப்பீர்கள் என்று கேட்கிறார். கர்த்தரையே என்கிறார்கள் ஜனங்கள். உங்களால் முடியாது, அவர் பரிசுத்தமான தேவன், எரிச்சலுள்ள தேவன் என்று அவர் தடுக்கிறார். இல்லை, சேவிப்போம் என்று அவர்கள் பிடிவாதமாக நிற்கிறார்கள். அப்படியானால் உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி என்கிறார். ஆமாம், நாங்களே சாட்சி என்கிறார்கள். காரியம் அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவர் அந்த வார்த்தைகளை ஒரு புத்தகத்தில் எழுதுகிறார். அதன் பிறகும் மனம் ஆறாமல் ஒரு கல்லைக் கொண்டுவந்து நாட்டுகிறார்.

அடுத்த சில வரிகளைப் பார்த்தால் காரணம் தெரியும். நூற்றுப்பத்து வயதில் யோசுவா மரிக்கிறார். நியாயாதிபதிகளின் இரண்டாம் அதிகாரத்தில், கர்த்தரையும் அவர் செய்ததையும் அறியாத வேறொரு சந்ததி எழும்பிவிட்டது என்று வருகிறது. நாங்களே சாட்சி என்று சொன்ன அத்தனை பேரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஆஜராகியிருந்து சாகாமல் மிஞ்சியது அந்தக் கல் ஒன்றுதான். சம்பவ இடத்தில் இருந்தவனே சாட்சி சொல்ல முடியும் என்பது எந்தக் காலத்து நியாயத்திலும் உள்ளது. "கல் கேட்டது" என்பதற்கு அதுதான் பொருள். வார்த்தை கொடுக்கப்பட்ட நேரத்தில் அது அங்கே இருந்தது. பையனிடம் இவ்வளவு சொன்னால் போதும். காது இருக்கிறதா என்பதை அவன் வீட்டில் யோசிக்கட்டும்.

ஆனால் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன். இது இஸ்ரவேலில் மட்டும் இருந்த வழக்கம் இல்லை. அன்றைய மேற்கு ஆசியாவில் ஓர் அரசன் இன்னோர் அரசனோடு உடன்படிக்கை செய்தால் அதற்கென ஒரு முறை இருந்தது. இன்றைய துருக்கியில் உள்ள ஹத்தூசா, ஏத்தியரின் தலைநகரம். அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் இப்படிப்பட்ட உடன்படிக்கைகள் பல இருக்கின்றன. பேரரசன் தன் பெயரைச் சொல்லித் தொடங்குவான். சிற்றரசனுக்குத் தான் இதுவரை செய்த நன்மைகளைச் சொல்வான். பிறகு நிபந்தனைகள் வரும். இந்தப் பலகையைக் கோயிலில் வைக்க வேண்டும், குறித்த காலங்களில் வாசிக்க வேண்டும் என்ற கட்டளையும் சிலவற்றில் உண்டு. முடிவில் சாட்சிகளின் பட்டியலும் சாபமும் ஆசீர்வாதமும். 1954-இல் ஜார்ஜ் மெண்டன்ஹால் என்ற அமெரிக்க அறிஞர் இந்த அமைப்பையும் யோசுவா 24 போன்ற பகுதிகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவருடைய கால நிர்ணயத்தை மறுத்தவர்கள் பலர். ஒற்றுமையைக் காணாமல் யாராலும் தாண்டிப்போக முடியவில்லை.

அந்தச் சாட்சிப் பட்டியலைத்தான் கவனிக்க வேண்டும். முதலில் இரு நாட்டுத் தெய்வங்களையும் வரிசையாக அழைப்பார்கள். அதற்குப் பிறகு மலைகள், ஆறுகள், ஊற்றுகள், பெருங்கடல், வானம், பூமி, காற்று, மேகம். இஸ்ரவேலர் உடன்படிக்கை செய்வது யாரோடு? தேவனோடு. வேறு தெய்வங்களைச் சாட்சிக்கு அழைக்க வழியில்லை, அதைத் தடுப்பதே அந்த உடன்படிக்கையின் முதல் நிபந்தனை. அப்படியானால் பட்டியலில் மிஞ்சுவது அதன் கடைசிப் பகுதிதான். உபாகமம் 30-இல் மோசே வானத்தையும் பூமியையும் சாட்சி வைக்கிறார். ஏசாயா தன் முதல் அதிகாரத்திலேயே வானங்களே கேளுங்கள், பூமியே செவிகொடு என்று வழக்கைத் தொடங்குகிறார். மீகா 6-இல் மலைகள் கர்த்தருடைய வழக்கைக் கேட்க அழைக்கப்படுகின்றன. யோசுவாவின் கல்லுக்கும் இந்த வரிசையில்தான் இடம்.

இஸ்ரவேலுக்கு மிக நெருங்கிய அண்டை வீட்டார் அரமேயர். அலெப்போவுக்குத் தென்கிழக்கே உள்ள செஃபிரே என்ற ஊரில், கி.மு. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மூன்று கருங்கல் பலகைகள் கிடைத்தன. அர்பாத்தின் ராஜா மத்தியேல் செய்துகொண்ட உடன்படிக்கை அவற்றில் அரமேய மொழியில் வெட்டப்பட்டிருக்கிறது. தெய்வங்களோடு வானமும் பூமியும் பகலும் இரவும் சாட்சிகள். கண்களைத் திறந்து இந்த உடன்படிக்கையைப் பாருங்கள் என்று அவற்றை அழைக்கிறது எழுத்து. பிறகு சாபங்கள். இந்த மெழுகு நெருப்பில் எரிவதுபோல மத்தியேல் எரியட்டும். இந்தக் கன்றுக்குட்டி வெட்டப்படுவதுபோல மத்தியேல் வெட்டப்படட்டும். சத்தியம் செய்கிற இடத்தில் மெழுகை எரித்து, கன்றை வெட்டிக் காட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. எரேமியா 34-இல் கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி அதன் துண்டுகளுக்கு நடுவே கடந்துபோனவர்களைப் பற்றி வருவதை இதோடு சேர்த்து வாசியுங்கள். இந்த எழுத்தை அழிப்பேன் என்று நினைக்கிறவனுக்கும் ஒரு சாபம் இருக்கிறது. அந்த இடத்தில் செஃபிரேக் கற்கள் தங்களையே 'தேவர்களின் வீடுகள்' என்று அழைத்துக்கொள்கின்றன. யாக்கோபு பெத்தேலில் தான் நாட்டிய கல்லைப் பற்றி, இது தேவனுடைய வீடாகும் என்று சொன்னது உங்களுக்கு நினைவு வரும்.

யாக்கோபு நாட்டிய இன்னொரு கல் இருக்கிறது. அதைப் பற்றிப் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. ஆதியாகமம் 31. மாமனார் லாபான் வீட்டில் இருபது வருடம் உழைத்தாகிவிட்டது. பதினாலு வருடம் இரண்டு மகள்களுக்காக, ஆறு வருடம் மந்தைக்காக. சம்பளத்தைப் பத்துமுறை மாற்றினீர் என்று யாக்கோபு குமுறுகிறார். சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடும் மந்தையோடும் கிளம்பிவிடுகிறார். லாபான் ஏழு நாள் துரத்திக் கீலேயாத் மலையில் பிடித்துவிடுகிறான். வீட்டுச் சொரூபங்களையும் யாரோ எடுத்துவந்துவிட்டார்கள். அவை ராகேலின் ஒட்டகச் சேணத்துக்குள் இருக்கின்றன, யாக்கோபுக்கே தெரியாது. ஒருவரை ஒருவர் துளியும் நம்பாத இரண்டு பேர் அந்த மலையில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

அங்கே யாக்கோபு ஒரு கல்லை எடுத்துத் தூணாக நிறுத்துகிறார். கூட இருக்கிறவர்கள் கற்களைப் பொறுக்கிவந்து குவிக்கிறார்கள். அந்தக் குவியலின்மேல் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். லாபான் அரமேய மொழியில் அதற்கு ஒரு பெயர் வைக்கிறான், யாக்கோபு எபிரெயத்தில் வைக்கிறார். இந்தக் குவியலைத் தாண்டி நான் உன் பக்கம் வரமாட்டேன், நீயும் தீங்கு செய்ய இதைத் தாண்டி என் பக்கம் வராதே. என் மகள்களைக் கொடுமைப்படுத்தினாலோ இன்னொருத்தியைக் கட்டினாலோ, பார்க்க ஆளில்லாவிட்டாலும் தேவன் பார்க்கிறார். நாம் பிரிந்திருக்கும்போது கர்த்தர் நடுவே நின்று கண்காணிக்கட்டும் என்று அங்கே சொல்லப்படுவதைப் பலர் அன்பான வழியனுப்பு வாழ்த்தாக எடுத்துக்கொள்கிறார்கள். சூழ்நிலையோடு வாசித்தால் அது எச்சரிக்கை. இரண்டு குடும்பத்தின் சண்டையாகத் தொடங்கிய கதை, முடியும்போது அரமேயருக்கும் இஸ்ரவேலருக்கும் நடுவே ஓர் எல்லைக் கல்லாக நிற்கிறது. உடன்படிக்கைக் கல் எப்படிப்பட்ட இடத்தில் தேவைப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பகுதியை நான் பார்த்ததில்லை. நம்பிக்கை நிறைந்த இடத்தில் யாரும் கல் நாட்டுவதில்லை.

மோசேயின் பன்னிரண்டு தூண்கள் கொஞ்சம் வேறு. யாத்திராகமம் 24-இல் மலையடியில் ஒரு பலிபீடம் கட்டப்படுகிறது, அதோடு கோத்திரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தூண்கள். காளைகளைப் பலியிட்டு, இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின்மேல் தெளிக்கிறார். உடன்படிக்கையின் புத்தகத்தை வாசிக்கிறார். கீழ்ப்படிவோம் என்று ஜனங்கள் சொன்ன பிறகு மீதி இரத்தத்தை அவர்கள்மேல் தெளிக்கிறார். இங்கே பலிபீடம் தேவனின் பக்கம், தூண்கள் ஜனங்களின் பக்கம் என்று நான் வாசிக்கிறேன். அந்தக் கற்கள் சாட்சி என்பதைவிட உடன்படிக்கையின் ஒரு தரப்பாகவே நிற்கின்றன. அடுத்து மூப்பர்கள் எழுபது பேர் மலைமேல் ஏறித் தேவனைத் தரிசித்து, புசித்துக் குடிக்கிறார்கள். யாக்கோபும் லாபானும் குவியலின்மேல் சாப்பிட்டதைப் போலவே. கல், பலி, சாப்பாடு மூன்றும் சேர்ந்தே வருகின்றன.

இனி உங்களுடைய கடினமான கேள்வி. இவ்வளவு இருந்தும் உபாகமம் 16:22 ஏன்?

சீகேமிலிருந்தே தொடங்கலாம். நியாயாதிபதிகள் 9-ஐ வாசியுங்கள். அதே சீகேமில் பாகால்பேரீத் என்ற தெய்வத்துக்குக் கோயில் இருந்தது. உடன்படிக்கையின் பாகால் என்று பொருள். அபிமெலேக்கு ராஜாவானதும் சீகேமில் இருந்த ஒரு கர்வாலி மரத்தடியில், தூணுக்குப் பக்கத்தில்தான். இன்று நாப்லுஸ் நகரத்தை ஒட்டியிருக்கிற தெல் பலாத்தா மேட்டை முதலில் ஜெர்மானியர்களும், 1956-இலிருந்து எர்னஸ்ட் ரைட் தலைமையில் அமெரிக்கர்களும் தோண்டினார்கள். தடித்த சுவர்களுள்ள ஒரு பெரிய கோயில் வெளிப்பட்டது. அதன் முன்முற்றத்தில் தலைப்பகுதி உடைந்த ஒரு பெரிய வெள்ளைக் கல் நிற்கிறது. இதுதான் யோசுவாவின் கல் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படி உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது. கானானியரும் அதே ஊரில் கல் நாட்டி வழிபட்டார்கள் என்பதற்கு அது போதுமான ஆதாரம். இரண்டு ஜனங்களின் கற்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. எழுத்து இல்லாத கல் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தது என்று தானாகச் சொல்லாது. பக்கத்தில் இருக்கிற மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். கில்காலில் யோசுவா, இந்தக் கற்கள் என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று பதிலையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போனது அதனால்தான்.

கில்காலுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் பாருங்கள். கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் ஆமோஸ், பெத்தேலைத் தேடாதீர்கள், கில்காலுக்குப் போகாதீர்கள் என்று சத்தம்போடுகிறார். யாக்கோபு கல் நாட்டிய ஊர் ஒன்று, யோசுவா கல் நாட்டிய ஊர் மற்றொன்று. ஜனங்கள் அந்த இடங்களுக்குத் திரளாகப் போனார்கள், பலி கொடுத்தார்கள், ஏழையை விற்றார்கள். வார்த்தை மறந்துபோயிற்று, கல் மட்டும் மரியாதையோடு நின்றது. தங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல நாட்டப்பட்ட கல்லையே தங்களுக்குப் பாதுகாப்பு என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள். தீர்க்கதரிசிகளின் கோபத்துக்கு இதுவே மூலகாரணம் என்பது என் எண்ணம்.

யூதாவின் தெற்கு எல்லையில் ஆராத் என்ற கோட்டை. 1960-களில் யோகனான் அகரோனி அதைத் தோண்டியபோது உள்ளே ஒரு சின்னக் கோயிலே இருந்தது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் பயன்பாட்டில் இருந்தது. படியேறிப் போனால் ஒரு மாடம், அதன் வாசலில் இரண்டு சுண்ணாம்புக் கல் தூபபீடங்கள், உள்ளே மேல்பக்கம் வளைவாகச் செதுக்கி வழவழப்பாக்கிய, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள கல். 2020-இல் வெளியான ஆய்வில், பெரிய பீடத்தில் குந்திரிக்கம் என்ற வாசனைப் பிசினும் சிறியதில் கஞ்சாவும் எரிக்கப்பட்டது தெரியவந்தது. இது அந்நியர் கோயில் இல்லை, யூதா ராஜாவின் கோட்டைக்குள் யாவே என்னும் கர்த்தரை வணங்கிய இடம். பீடங்கள் பக்கவாட்டில் படுக்கவைக்கப்பட்டு மூடப்பட்டிருந்தன. எசேக்கியா ராஜா மேடைகளை அகற்றித் தூண்களை உடைத்தார் என்று 2 இராஜாக்கள் 18 சொல்வதோடு இதைச் சிலர் சேர்த்துப் பார்க்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். யார் சொல்வது சரியானாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கல் அங்கே தூபம் பெறுகிற இடத்தில் நின்றது. சாட்சியாக வெட்டவெளியில் நிற்பதும் கருவறையில் தூபம் வாங்குவதும் ஒன்றல்ல.

இன்னொரு பக்கம் அசீரியா. கி.மு. 672-இல் எசரத்தோன் தன் மகன் அசுர்பானிபாலுக்குப் பட்டம் உறுதியாவதற்காகத் தனக்குக் கீழ்ப்பட்ட எல்லோரிடமும் சத்தியம் வாங்கினான். யூதாவின் மனாசேயும் அவனுக்குக் கீழ்ப்பட்ட ராஜா, எசரத்தோனின் கல்வெட்டே அந்தப் பெயரைச் சொல்கிறது. அந்த உடன்படிக்கைப் பலகைகள் 1955-இல் நிம்ரூதில் துண்டுகளாகக் கிடைத்தன. 2009-இல் துருக்கியின் தெற்கே தெல் தயினாத்தில் இன்னொரு பிரதி கிடைத்தது. எங்கே தெரியுமா? ஒரு கோயிலின் உள்ளறையில். அந்த உடன்படிக்கையிலேயே, உங்கள் முன் வைக்கப்பட்டுள்ள இந்தப் பலகையை உங்கள் தெய்வத்தைப் போலக் காக்க வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. ஆணைச்சீட்டே தெய்வமாகிவிட்டது. வானம் வெண்கலமும் பூமி இரும்பும் ஆகும் என்ற உபாகமம் 28-இன் சாபத்துக்கு மிக நெருக்கமான சாபம் இந்தப் பலகையிலும் வருகிறது. உபாகமத்தை எழுதியவர்களுக்கு இப்படிப்பட்ட பலகைகளைப் பற்றித் தெரிந்திருந்தது என்றே ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். உடன்படிக்கையின் அடையாளம் எவ்வளவு சீக்கிரம் வணங்கப்படும் பொருளாகும் என்பதை அவர்கள் தங்கள் காலத்திலேயே பார்த்திருப்பார்கள்.

ஆகவே உபாகமம் சாட்சியை வேண்டாம் என்று தள்ளவில்லை. சாட்சியை இடம் மாற்றுகிறது. உபாகமம் 31:26-ஐ எடுத்துப் பாருங்கள். இந்த நியாயப்பிரமாண புத்தகத்தை உடன்படிக்கைப் பெட்டியின் பக்கத்தில் வையுங்கள், அது உங்களுக்கு விரோதமான சாட்சியாக இருக்கும் என்கிறார் மோசே. யோசுவா கல்லைப் பற்றிச் சொன்னது அப்படியே புத்தகத்துக்குப் போய்விட்டது. ஏழு வருடத்துக்கு ஒருமுறை கூடாரப் பண்டிகையில் ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், அந்நியர் எல்லோர் முன்னும் அதை வாசிக்க வேண்டும் என்பதும் அதே அதிகாரத்தில்தான். கல்லுக்கு யாராவது விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது, புத்தகம் தன் வார்த்தையைத் தானே வைத்திருந்தது.

இரண்டுக்கும் நடுவே உபாகமம் 27 இருக்கிறது. ஏபால் மலையில் பெரிய கற்களை நிறுத்தி, சாந்து பூசி, அதன்மேல் பிரமாணத்தை எழுதச் சொல்கிறது. சாந்தின்மேல் எழுதுவது வெறும் கற்பனை இல்லை. யோர்தானுக்குக் கிழக்கே தெய்ர் அல்லாவில் 1967-இல், சுவர்ச் சாந்தின்மேல் கறுப்பு, சிவப்பு மையில் எழுதிய ஒரு நீண்ட எழுத்து துண்டு துண்டாகக் கிடைத்தது. கி.மு. 800-ஐ ஒட்டியது. அதில் வருவது யார் என்று நினைக்கிறீர்கள்? எண்ணாகமத்தில் இஸ்ரவேலைச் சபிக்க அழைக்கப்பட்ட, பேயோரின் மகன் பிலேயாம்! ஏபாலின் கற்கள் அப்படித்தான் இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம். உயிரோடு நிற்கும் கல்லுக்குமேல் மனிதர் வாசிக்கும் எழுத்து.

யூதாவின் ராஜா யோசியா காலத்தில் இந்த மாற்றம் முடிந்துவிடுகிறது. கி.மு. 622. ஆலயத்தில் நியாயப்பிரமாண புத்தகம் கிடைக்கிறது. 2 இராஜாக்கள் 23-இல் ராஜா ஜனங்களைக் கூட்டி, புத்தகத்தை வாசித்து, கர்த்தருக்கு முன் உடன்படிக்கை செய்கிறார். யோசுவா 24-இல் நடந்த எல்லாம் அங்கேயும் நடக்கிறது, கல் நாட்டுவதைத் தவிர. சில வசனங்கள் தாண்டினால் அதே யோசியா தூண்களை உடைத்துப்போடுகிறார். பெத்தேலின் பலிபீடத்தையும் இடிக்கிறார். பிள்ளைகளிடம் இந்த இரண்டு அதிகாரங்களையும் பக்கத்தில் வைத்து வாசிக்கக் கொடுங்கள். முரண்பாடு என்று நீங்கள் பயப்படுவது ஒரு வரலாறு என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

எண்ணெய் ஊற்றுவது பற்றி. யாக்கோபு செய்தது முற்றிலும் வேறு என்று சொல்லிவிடாதீர்கள், அது உண்மையாக இருக்காது. நெகேவ், சீனாய் வனாந்தரங்களில் செதுக்காத கற்களை நாட்டி வணங்கிய இடங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இஸ்ரவேலுக்குப் பல ஆயிரம் வருடங்களுக்கு முன்னாலேயே தொடங்கிய வழக்கம் அது. யாக்கோபு அந்த நிலத்து மனிதர், அந்த நிலத்து முறையிலேயே தேவனுக்குப் பொருத்தனை செய்தார். வேதம் அதை மறைக்காமல் வைத்திருக்கிறது. நம் பிரசங்கியார்களும் அதே நேர்மையோடு பேசினால் அடுத்த வீட்டுக்காரரின் கல்லைப் பற்றி இவ்வளவு அவசரமாகப் பேசமாட்டார்கள்.

எபெனேசர் உடன்படிக்கைக் கல் இல்லை, நன்றிக் கல். பெலிஸ்தரை முறியடித்த பிறகு சாமுவேல் நாட்டியது, இம்மட்டும் கர்த்தர் உதவினார் என்று. ஆனால் 1 சாமுவேல் 4-ஐயும் வாசியுங்கள். அதே பெயருள்ள இடத்தில் பாளயமிறங்கித்தான் இஸ்ரவேலர் தோற்றார்கள், உடன்படிக்கைப் பெட்டியையே பறிகொடுத்தார்கள். தோல்வியின் பெயரையே நன்றியின் பெயராக மாற்றியிருக்கிறார் சாமுவேல். உங்கள் தாத்தா எந்தக் கஷ்டம் தாண்டி அந்த வீட்டைக் கட்டினார் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பாடத்துக்கு யோசுவா 22-ஐ எடுப்பீர்களானால் சந்தோஷப்படுவேன். போர் முடிந்து ரூபன், காத், பாதி மனாசே கோத்திரத்தார் யோர்தானுக்குக் கிழக்கே தங்கள் வீடுகளுக்குப் போகிறார்கள். போகிற வழியில் ஆற்றங்கரையில் தூரத்திலிருந்தே தெரிகிற அளவுக்கு ஒரு பெரிய பலிபீடம் கட்டுகிறார்கள். செய்தி ஆசரிப்புக் கூடாரம் இருந்த சீலோவுக்கு எட்டியதும் மற்ற கோத்திரங்கள் யுத்தத்துக்குக் கூடிவிடுகின்றன. வேறு பலிபீடம் என்றால் துரோகம். நல்லவேளையாக முதலில் ஆசாரியன் பினெகாசையும் பத்துத் தலைவர்களையும் விசாரிக்க அனுப்புகிறார்கள். அவர்கள் போய், எரிகோவில் விலக்கப்பட்டதைத் திருடிய ஆகானின் பாவத்தையெல்லாம் நினைவுபடுத்திக் கடுமையாகக் கேட்கிறார்கள்.

கிழக்கத்தியர்களின் பதில் மனதைப் பிசைகிறது. இது பலியிட இல்லை என்கிறார்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, கர்த்தரோடு உங்களுக்கு என்ன சம்பந்தம், நடுவே யோர்தானை எல்லையாக வைத்திருக்கிறாரே என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில்தான் கட்டினோம். அப்போது எங்கள் பிள்ளைகள் இதைக் காட்டி, எங்கள் பிதாக்களும் அங்கே பங்குள்ளவர்கள் என்று சொல்லட்டும். லாபானின் குவியல் இரண்டு ஜனங்களைப் பிரித்து நின்றது. இது ஆற்றின் இரு கரைகளிலும் இருப்பவர்கள் ஒரே ஜனம் என்று சொல்வதற்காகக் கட்டியது. பலியில்லாத பலிபீடம், சாட்சிக்கு மட்டும். பினெகாஸ் கேட்டுத் திருப்தியடைகிறார். திரும்பிப்போய்ச் சொன்னதும் யுத்தப் பேச்சு நின்றுவிடுகிறது.

வகுப்பைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்து உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பினெகாஸ் பகுதியை அந்தப் பையனுக்கே கொடுங்கள், கேள்வி கேட்க அவனுக்குத்தான் நன்றாக வருகிறது. பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.